ஸ்ட்ரெஸ் டெஸ்டில் தேறிய இதயம்: ஒரு கால்சியம் ஸ்கோரின் நிகழ்வு ஆய்வு

2008 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. வாஷிங்டனில் என்.பி.சி. தொலைக்காட்சி அலுவலகத்தில் ஞாயிறு காலை நிகழ்ச்சிக்கான குரல்பதிவில் இருந்தார் டிம் ரஸர்ட். 1991 முதல் 'மீட் த பிரஸ்' என்ற அரசியல் நேர்காணல் நிகழ்ச்சியை நடத்தியவர். எதிரே உட்காரும் அரசியல்வாதி பழைய பேச்சை மறந்திருப்பார், இவர் மறந்திருக்க மாட்டார். மகன் கல்லூரிப் பட்டம் வாங்கியதைக் கொண்டாடக் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். பதிவின் நடுவே சரிந்து விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், உயிர் திரும்பவில்லை. வயது 58.

அதற்கு 45 நாள் முன்பு, ஏப்ரல் 29 அன்று, அவருக்கு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் நடந்திருந்தது. ட்ரெட்மில்லில் ஓடவிட்டு ஈ.சி.ஜி. பார்ப்பதை நம் ஊரில் டி.எம்.டி. என்கிறோமே, அந்த வகைப் பரிசோதனை. நன்றாகவே தேறியிருந்தார்.

இதய சி.டி. படங்களைப் படித்து அறிக்கை எழுதுவது என் அன்றாட வேலை. இளம் மருத்துவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது நான் முதலில் எடுப்பது இந்த நிகழ்வைத்தான். காரணம், ரஸர்டின் மருத்துவக் குறிப்பில் இன்னொரு எண்ணும் இருந்தது. 1998-இல், 48 வயதை ஒட்டி, எடுத்த சி.டி.யில் அவருடைய கால்சியம் ஸ்கோர் 210. அந்த எண்ணுக்கும் ஏப்ரல் மாத டெஸ்டுக்கும் இடையில் நடந்ததும் நடக்காததும்தான் இங்கே பேச்சு.

கையில் இருந்த விவரங்கள்

இறந்த சில நாள்களில் அவருடைய மருத்துவர் செய்தியாளர்களிடம் விவரங்களைச் சொன்னார். ரஸர்டுக்கு இதயத் தமனி நோய் இருந்தது முன்பே தெரியும். நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது போன்ற தொந்தரவு எதுவும் இல்லை. ரத்த அழுத்தம் இருந்தது, அதற்கு மாத்திரை. நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைவு, ட்ரைகிளிசரைடு அதிகம், உடம்பு பருமன். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தார், உடற்பயிற்சியும் செய்தார். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 68-க்கு இறங்கியிருந்தது. இன்றைக்கு ஒருவர் 68 என்று அறிக்கையை நீட்டினால் பெரும்பாலான மருத்துவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்புவார்கள்.

பிரேதப் பரிசோதனையில் இதயத்தின் முன்பக்கம் இறங்கும் இடது தமனியில் கொழுப்புத் திட்டு ஒன்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது தெரிந்தது. எல்.ஏ.டி. என்று ஆஸ்பத்திரிகளில் மூன்றெழுத்தில் சொல்லும் குழாய் இதுதான். இதயமும் வழக்கத்தைவிடப் பெரிதாகியிருந்தது.

ஆக, கவனிக்காமல் விட்ட நோயாளியின் கதை இல்லை இது. நல்ல மருத்துவர், ஒழுங்காக மாத்திரை சாப்பிட்ட நோயாளி, நார்மல் என்று வந்த டெஸ்ட். அப்படியும் இறந்தார். யாரோ தூங்கிவிட்டார்கள் என்றால் வகுப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். யாரும் தூங்காததால்தான் ஒரு மணி நேரம் ஓடுகிறது.

210 என்ற எண் எப்படிப் பிறக்கிறது

கால்சியம் ஸ்கோர் என்றதும் பலர் ரத்தப் பரிசோதனை என்று நினைத்துவிடுகிறார்கள். கால்சியம் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து, "இப்ப ஸ்கோர் குறைஞ்சிருக்குமா டாக்டர்?" என்று கேட்டவர்களும் உண்டு. ரத்தத்தில் ஓடும் கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது தமனிச் சுவரில் பல வருடங்களாகப் படிந்து இறுகிய சுண்ணாம்பின் கணக்கு.

சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தி எண் உண்டு. இந்த இயந்திரத்தை உருவாக்கிய காட்பிரே ஹவுன்ஸ்பீல்டின் பெயரில் அளக்கிறோம். தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, எலும்பு பல நூறுகளில். 1990-இல் ஆர்தர் அகாட்ஸ்டனும் வாரன் ஜனோவிட்ஸும் சக ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு விதி வகுத்தார்கள். இதயத் தமனி ஓடும் வழியில் அடர்த்தி 130-ஐத் தாண்டிய புள்ளி தெரிந்தால் அது கால்சியம். அந்தப் புள்ளியின் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் எடுத்துக்கொள், அதிலுள்ள உச்ச அடர்த்தியைப் பார். 130 முதல் 199 வரை என்றால் ஒன்றால் பெருக்கு, 200-களில் இரண்டால், 300-களில் மூன்றால், 400-க்கு மேல் நான்கால். எல்லாத் துண்டுப் படங்களிலும் வந்ததைக் கூட்டு.

கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு துண்டில் 5 சதுர மி.மீ. அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி, உச்ச அடர்த்தி 350. ஐந்தை மூன்றால் பெருக்கினால் 15. இதே போன்ற புள்ளிகள் 14 இருந்தால் 210. ஒவ்வொன்றும் உளுத்தம்பருப்பைவிடச் சின்னது. திரையில் பார்க்கும்போது, சாம்பல் நிற இதயத்தின்மேல் யாரோ சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்ததுபோல் இருக்கும்.

1998-இல் இதற்குப் பயன்பட்டது எலக்ட்ரான் கற்றை சி.டி. இன்றைய இயந்திரத்தில் எக்ஸ்ரே குழாய் நோயாளியைச் சுற்றிச் சுழலும். அந்தப் பழைய இயந்திரத்தில் அப்படிச் சுழலும் குழாயே கிடையாது. காந்தத்தால் எலக்ட்ரான் கற்றையை வளைத்து, நோயாளிக்குக் கீழே வளைவாக இருக்கும் டங்ஸ்டன் தகடுகள்மேல் ஓடவிடுவார்கள். எந்தப் பாகமும் சுழல வேண்டியதில்லை என்பதால் ஒரு படத்துக்கு பத்தில் ஒரு பங்கு நொடி போதும். துடிக்கும் இதயத்தை அசைவில்லாமல் பிடிக்க அன்றைக்கு அதைவிட்டால் நல்ல வழி இல்லை. இப்போது அந்த இயந்திரங்கள் வழக்கொழிந்துவிட்டன, ஸ்கோர் கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

48 வயதில் 210 என்பது என்ன? 70 வயதுக்காரருக்கு 210 வந்தால் வயதுக்குத் தக்க படிவு என்று சொல்லலாம். 48-இல் அந்த வயது ஆண்களில் மிகப் பெரும்பாலோரைத் தாண்டி நிற்கும் எண் அது. வரிசையில் நிறுத்தினால் கடைசி ஓரத்துக்குப் போய்விடுவார். தமனிக்கு உடம்பைவிட வயது கூடிவிட்டது என்று நோயாளிகளுக்குச் சொல்வேன், உடனே புரிந்துகொள்வார்கள்.

காலப் பொருத்தம் ஒன்று என்னை எப்போதும் உறுத்தும். அமெரிக்காவில் மெசா என்ற பெரிய தொடர் ஆய்வு நடந்துவருகிறது. அதில் 6722 பேரைப் பின்தொடர்ந்து வந்த கட்டுரை 2008 மார்ச்சில் வெளியானது. ஸ்கோர் பூஜ்யமாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 101 முதல் 300 வரை இருந்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நிகழ்வு வரும் வாய்ப்பு 7.73 மடங்கு. ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் அவ்வளவு. ரஸர்ட் இறந்தது அதற்கு மூன்று மாதத்துக்குள். 1998-இல் அந்த 210-ஐக் கையில் வாங்கிய மருத்துவருக்கு இந்த அட்டவணை கிடையாது. அன்று ஸ்கோர் என்பது பாதி ஆராய்ச்சி, பாதி விளம்பரம்.

அப்படியிருந்தும் ஏப்ரல் டெஸ்ட் ஏன் நார்மல்

டி.எம்.டி. தமனிச் சுவரைப் பார்ப்பதில்லை. ஓடும்போது இதயத் தசைக்குப் போதுமான ரத்தம் போகிறதா என்று மட்டுமே கேட்கிறது. குழாயின் உள்விட்டம் சுமார் 70 சதவீதம் குறுகினால்தான் பொதுவாக அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வரும். முப்பது, நாற்பது சதவீதக் குறுகலில் ரத்தம் தாராளமாகப் போகும், ஈ.சி.ஜி. கோடு அசையாது.

இங்கேதான் சிகாகோவைச் சேர்ந்த சீமோர் கிளாகோவின் 1987 ஆய்வைச் சொல்ல வேண்டும். இறந்தவர்களின் 136 இதயங்களை எடுத்து இடது முதன்மைத் தமனியை அளந்தார்கள். கொழுப்புத் திட்டு வளர வளரக் குழாயும் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. திட்டு ஏறத்தாழ 40 சதவீதப் பரப்பைப் பிடிக்கும்வரை ரத்தம் ஓடும் துவாரம் குறைவதே இல்லை.

மழைக்காலத்தில் பழைய வீட்டுச் சுவர் ஓதம் ஏறி உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே காரை நெகிழ்ந்துபோயிருக்கும், அறையின் அகலமோ ஒரு அங்குலம்கூடக் குறைந்திருக்காது. அறையில் தாராளமாக நடமாடலாம். ஒரு நாள் அந்தக் காரை பொத்தென்று பெயர்ந்து விழும். ஸ்ட்ரெஸ் டெஸ்ட் அறையில் நடமாட இடமிருக்கிறதா என்று பார்க்கிறது, சுவரைத் தட்டிப் பார்ப்பதில்லை.

மாரடைப்பில் பெரும்பகுதி இப்படிப் பெயரும் காரையால் வருவது. மெல்லிய தோல் போர்த்திய, உள்ளே கொழகொழவென்று கொழுப்பு நிரம்பிய திட்டு கிழிகிறது. உள்ளிருக்கும் சரக்கு ரத்தத்தைத் தொட்டதும் உறைகட்டி உருவாகிறது. நேற்றுவரை பாதிகூடக் குறுகாத குழாய் சில நிமிடத்தில் முழுக்க அடைபடுகிறது. ஏப்ரல் 29-இன் டெஸ்ட் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. "நார்மல்" என்ற சொல்லை டெஸ்டிலிருந்து எடுத்து ஆளின்மேல் ஒட்டியது நாம்தான்.

2008-இல் சி.டி. ஆஞ்சியோ எடுத்திருந்தால்

கால்சியம் ஸ்கோர் வேறு, சி.டி. ஆஞ்சியோ வேறு. முன்னதுக்கு ஊசியே வேண்டாம், படுத்து எழுந்தால் முடிந்தது. பின்னதில் கை நரம்பு வழியாக அயோடின் கலந்த டை செலுத்தி, அது இதயத் தமனிகளை நிறைக்கும் சில நொடிகளுக்குள் படம் பிடிக்க வேண்டும். 64 துண்டு சி.டி. இயந்திரங்கள் 2004-லேயே சந்தைக்கு வந்துவிட்டன, எனவே 2008-இல் இது எட்டாத ஒன்றல்ல. அறிகுறி இல்லாதவருக்கு இதை எடுக்கும் வழக்கம் அன்று இல்லை. இன்றும் வழிகாட்டுதல்கள் அதில் தயக்கம் காட்டுகின்றன.

அந்த அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். பாதி வேலை இயந்திரம் ஓடுவதற்கு முன்பே முடிந்துவிடும். நாடித் துடிப்பு 60-ஐ ஒட்டி இருக்க வேண்டும், அதற்காக மெட்டோப்ரொலால் மாத்திரை. தமனி நன்றாக விரிய நாக்கடியில் நைட்ரேட். நைட்ரேட் கொடுப்பதற்கு முன் ஆண்களிடம் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: சில்டனாபில் வகை மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா? இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். மனைவி பக்கத்தில் நிற்கும்போது இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வராது. அவரைக் கையெழுத்துப் போட வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன்.

"அம்மா, மருந்து போகும்போது உடம்பு பூரா சூடா ஓடுற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்று எங்கள் டெக்னீஷியன் எத்தனை முறை சொன்னாலும், டை ஓடியதும் பாதிப் பேர் முகம் மாறும். "தம்பி, நனைச்சுட்டேன்போல" என்று கூச்சத்தோடு சொல்லும் பாட்டிமார் உண்டு. அடிவயிற்றில் பரவும் வெப்பம் அப்படி ஏமாற்றும். ஒலிபெருக்கியில் "மூச்சை இழுங்க… அப்படியே அடக்குங்க" என்று வரும். அந்தப் பத்து நொடிக்குள் ஒருவர் இருமினால் மொத்தமும் வீண். நோயாளி மூச்சடக்கும்போது கட்டுப்பாட்டு அறையில் நாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்போம்.

கதிர்வீச்சு பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஸ்கோருக்குச் சுமார் 1 மில்லிசீவர்ட், இன்றைய நல்ல இயந்திரத்தில் ஆஞ்சியோவுக்கு 2 முதல் 5 வரை. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக ஒருவருக்கு வருடத்துக்குக் கிடைப்பது உலக சராசரியில் 2.4. 2008 வாக்கில் ஆஞ்சியோவுக்கு 12-ஐ ஒட்டி இருந்தது. அறிகுறி இல்லாதவருக்கு எடுக்க அன்று தயங்கியதில் இதுவும் ஒரு காரணம், நியாயமான காரணம்.

எடுத்திருந்தால் ரஸர்டின் எல்.ஏ.டி. சுவரில் திட்டுகள் தெரிந்திருக்கும். 1998-லேயே 210 இருந்த தமனிகளில் பத்து வருடம் கழித்துத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. சுண்ணாம்பு மட்டுமல்ல, சுண்ணாம்பாகாத பகுதியும் சி.டி. ஆஞ்சியோவில் தெரியும். நாங்கள் பயந்து தேடுவது அதைத்தான்: அடர்த்தி 30-க்குக் கீழே இருண்டு தெரியும் கொழுப்புக் குழம்பு, அந்த இடத்தில் குழாய் வெளிப்பக்கம் உப்பியிருப்பது, 3 மி.மீ.க்கும் குறைவான சிதறல் சுண்ணாம்பு, இருண்ட நடுப்பகுதியைச் சுற்றி மெல்லிய வளையம். கல்லாக இறுகிய பெரிய சுண்ணாம்புக் கட்டியைவிட இவை மோசமானவை.

இதில் எது ரஸர்டிடம் தெரிந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இறந்தவரின் படத்தைக் கற்பனையில் எடுத்து, இதோ இங்கேதான் வெடித்தது என்று அம்புக்குறி போடுவது சுலபம். வகுப்பில் நான் அதைச் செய்ய விடுவதில்லை.

படம் உயிரைக் காப்பாற்றுமா

படம் யாரையும் காப்பாற்றாது. அதைப் பார்த்தவர் என்ன செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது. இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று ஸ்காட்லாந்தில் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வு. எடின்பரோவைச் சேர்ந்த டேவிட் நியூபியின் குழு, 12 இதய மருத்துவ மையங்களுக்கு நெஞ்சு வலியோடு வந்த 4146 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை, பெரும்பாலோருக்கு ட்ரெட்மில்லும் அதில் அடக்கம். மற்ற பாதிக்கு அதோடு சி.டி. ஆஞ்சியோவும் சேர்த்து. ஐந்து வருட முடிவு 2018-இல் வெளியானது. இதயத் தமனி நோயால் இறந்தவர்கள் அல்லது மாரடைப்பு வந்தவர்கள் வழக்கமான பக்கத்தில் 81 பேர், 3.9 சதவீதம். சி.டி. பக்கத்தில் 48 பேர், 2.3 சதவீதம்.

அடுத்த கேள்விதான் முக்கியம்: எதனால்? ஐந்து வருடக் கணக்கில் ஆஞ்சியோகிராமும் ஸ்டென்டும் பைபாஸும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. வித்தியாசம் மருந்துச் சீட்டில் இருந்தது. சி.டி. பக்கத்தில் ஸ்டாட்டின், ஆஸ்பிரின் போன்றவற்றைத் தொடங்கியவர்கள் அதிகம். குறுகல் இல்லாத, ஆனால் திட்டு இருக்கிற ஆள், ட்ரெட்மில் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பும் ஆள், சி.டி.யில் மாட்டிக்கொள்கிறார். மாத்திரையோடு வீட்டுக்குப் போகிறார். அதே ஆய்வின் படங்களைப் பின்னர் அலசியபோது, அந்த இருண்ட கொழுப்புக் குழம்பு திட்டில் 4 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று தெரிந்தது.

ரஸர்டுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அவருக்கு நெஞ்சு வலி இல்லை, ஸ்டாட்டின் ஏற்கெனவே இருந்தது. சி.டி. மாற்றியிருக்கக்கூடியது சிகிச்சையின் தீவிரத்தை. 68-ஐப் பார்த்து "போதும்" என்பதற்குப் பதில், சுவர் இவ்வளவு கெட்டிருக்கிறதே, இன்னும் இறக்கு என்ற முடிவு. இன்று மிக அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல் கேட்பது 55-க்குக் கீழே. அதற்கான எசெடிமைப் மாத்திரை 2008-இலும் இருந்தது, அதன் பலன் பெரிய ஆய்வில் உறுதியானது 2015-இல். எல்.டி.எல்.லை இறக்க ஊசியாகப் போடும் பி.சி.எஸ்.கே.9 வகை மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே 2015-இல்தான். ரத்த அழுத்தத்தையும் இடுப்புச் சுற்றளவையும் இன்னும் கறாராகப் பிடித்திருக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் அந்த வெள்ளிக்கிழமை நடந்தது நடந்திருக்கலாம்.

எதிர்ப்பக்கத்து நிகழ்வு: டாலஸ், 2013

ரஸர்ட் கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்பவர்கள் நேராக ஸ்கேன் சென்டருக்கு ஓடிவிடுகிறார்கள். அதனால் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷையும் சேர்த்தே சொல்வேன்.

2013 ஆகஸ்ட் 5, டாலஸ் கூப்பர் கிளினிக்கில் முன்னாள் அதிபரின் வருடாந்திரப் பரிசோதனை. வயது 67, சைக்கிளில் மைல் கணக்கில் போகிறவர், தொந்தரவு எதுவும் இல்லை. ஸ்ட்ரெஸ் டெஸ்டில் ஈ.சி.ஜி. மாறியது. சி.டி. ஆஞ்சியோ எடுத்தார்கள், அடைப்பு உறுதியானது. மறுநாளே ஸ்டென்ட்.

உடனே விவாதம் வெடித்தது. அறிகுறியே இல்லாதவருக்கு முதலில் அந்த டெஸ்ட் எதற்கு என்று கிளீவ்லேண்ட் கிளினிக்கின் ஸ்டீவன் நிஸ்ஸன் உள்ளிட்ட இதய மருத்துவர்கள் வெளிப்படையாகக் கேட்டார்கள். அவர்கள் கையில் 2007-இல் வெளிவந்த கரேஜ் ஆய்வு இருந்தது. நிலையான இதயத் தமனி நோய் உள்ள 2287 பேரில், மருந்தோடு ஸ்டென்டும் வைத்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்கள் இருவரிடையே மரணத்திலும் மாரடைப்பிலும் வித்தியாசம் வரவில்லை. குறுகல் மிக மோசம் என்று பின்னால் செய்திகள் வந்தன, எனவே புஷ்ஷுக்கு அது தேவைப்பட்டதா என்று தீர்ப்பு சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் 2020-இல் இஸ்கீமியா ஆய்வு 5179 பேரிடம் இதே கேள்வியைத் திரும்பக் கேட்டு ஏறக்குறைய இதே பதிலைப் பெற்றது. அதில் ஒரு நல்ல வேலையைச் சி.டி. செய்தது: இடது முதன்மைத் தமனியில் அடைப்பு உள்ளவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்து ஆய்விலிருந்து விலக்கியது. அவர்களை மருந்தோடு மட்டும் விட்டுவைக்க முடியாது.

ரஸர்ட், புஷ் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரியும். ஸ்டென்ட் ஒரு குறுகலைத் திறக்கும். வலி இருந்தால் வலியைப் போக்கும், மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது உயிரையே காக்கும். நாளை வேறெங்கோ பெயரப்போகும் காரையை அது ஒன்றும் செய்யாது. ரஸர்டின் எல்.ஏ.டி.யில் 2008 மே மாதம் ஒரு 40 சதவீதக் குறுகல் தெரிந்திருந்தால், எந்த நேர்மையான இதய மருத்துவரும் அதில் ஸ்டென்ட் வைத்திருக்க மாட்டார்.

34, 98, 133

மூன்றாவது உதாரணத்தை அரசியலுக்காகச் சொல்லவில்லை. வரிசையாக ஸ்கோர்கள் பொதுவெளியில் கிடைக்கும் வேறு ஆளை எனக்குத் தெரியாது. 2018 ஜனவரியில் வெள்ளை மாளிகை மருத்துவர் ரானி ஜாக்சன், டொனால்ட் டிரம்பின் கால்சியம் ஸ்கோர்களை வெளியிட்டார்: 2009-இல் 34, 2013-இல் 98, 2018-இல் 133. அப்போது வயது 71. எல்.டி.எல். 143, அதுவும் ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. சாப்பிடும்போதே. ஸ்ட்ரெஸ் எக்கோ, அதாவது இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட், நார்மல்.

ரஸர்டின் நிலைமை போலவே தோன்றும்: ஸ்கோர் இருக்கிறது, ஸ்ட்ரெஸ் டெஸ்ட் தேறியிருக்கிறது. இங்கே எடுத்த முடிவு மருந்தைக் கூட்டுவது. ஸ்டென்ட் பேச்சே எழவில்லை. 2025 ஏப்ரலில் வெளியான அறிக்கையில் ரோசுவாஸ்டாட்டினோடு எசெடிமைபும் இருந்தது, எல்.டி.எல். 51. 133-ஐ வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது இதுதான். ஆளைப் பிடிக்குமா பிடிக்காதா என்பது தமனிக்குத் தெரியாது.

இந்த வரிசையைக் காட்டினால், மருந்து சாப்பிட்டும் 98 எப்படி 133 ஆனது என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். ஸ்டாட்டின் கொழகொழப்பான திட்டை இறுக்கிச் சுண்ணாம்பாக்குகிறது. அதனால் ஸ்கோர் ஏறலாம், ஆபத்து குறையலாம். ஸ்டாட்டின் தொடங்கியவருக்கு வருடா வருடம் ஸ்கோர் எடுப்பது காசுக்குக் கேடு, மனசுக்கும் கேடு. எண் ஏறியதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

யாருக்கு எடுப்பது

ரஸர்ட் இறந்த பிறகு அமெரிக்காவில் பலர் ஸ்கேன் கேட்டு மருத்துவர்களிடம் போனார்கள். நம் ஊரில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியலில் கால்சியம் ஸ்கோர் தலைகாட்ட ஆரம்பித்துவிட்டது. கூடவே "முழு உடல் சி.டி." என்று தீபாவளித் தள்ளுபடியும். அதில் எனக்கு மரியாதை இல்லை.

டென்மார்க்கில் 65 முதல் 74 வயது வரையிலான 46,611 ஆண்களை வைத்து டான்கவாஸ் என்ற ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினரை மட்டும், சி.டி. அடங்கிய பரிசோதனைக்கு அழைத்தார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து 2022-இல் முடிவைச் சொன்னார்கள். அழைக்கப்பட்டவர்களில் 12.6 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், அழைக்கப்படாதவர்களில் 13.1. புள்ளியியல் கணக்கில் அது உறுதியான வித்தியாசம் ஆகவில்லை. ஆகவே ஊரையே வரிசையில் நிறுத்திப் படமெடுக்க இன்றைக்குச் சான்று இல்லை.

ஸ்கோர் உதவுவது நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு. நாற்பதைத் தாண்டியவர், கொழுப்பு கொஞ்சம் அதிகம், அப்பாவுக்கு ஐம்பதில் மாரடைப்பு, "ஸ்டாட்டின் ஆயுசுக்கும் சாப்பிடணுமா டாக்டர்?" என்று இழுப்பவர். 2018-இன் அமெரிக்க வழிகாட்டுதல் இவருக்குத் தெளிவான பதில் தருகிறது. ஸ்கோர் 100-ஐத் தாண்டினாலோ, அந்த வயதுக்காரர்களில் 75 சதவீதம் பேரைத் தாண்டினாலோ ஸ்டாட்டின் தொடங்கு. பூஜ்யம் என்றால், சர்க்கரையோ புகைப்பழக்கமோ குடும்ப வரலாறோ இல்லாதபட்சத்தில் தள்ளிப்போடலாம். ரஸர்ட் 1998-இல் இந்த இரண்டு வரம்பையும் தாண்டியிருந்தார். வயது குறைவாக இருந்து நெஞ்சு வலியும் இருந்தால் பூஜ்யத்தை நம்ப வேண்டாம், அந்த வயதில் திட்டு இன்னும் சுண்ணாம்பு பிடித்திருக்காது.

நெஞ்சு வலி உள்ளவருக்கு வேறு கணக்கு. அவருக்கு ஆஞ்சியோவே எடுக்கலாம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் அதையே முதல் பரிசோதனையாக்கிவிட்டது. அடைப்பு இல்லை என்று சி.டி. சொன்னால் பெரும்பாலும் நம்பிவிடலாம், 2008-இல் வந்த அக்யுரசி ஆய்விலேயே அதன் சரித்தன்மை 99 சதவீதம். அடைப்பு உண்டு என்று சொல்லும்போதுதான் கவனம் தேவை. சுண்ணாம்பு படத்தில் தன் அளவைவிட வீங்கித் தெரியும், 50 சதவீதத்தை 70 என்று படிக்க வைக்கும். சுண்ணாம்பு மண்டிய தமனியில் நான் எழுதும் சதவீதத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று இதய மருத்துவர்களிடம் நானே சொல்வதுண்டு.

இந்த நிகழ்வைப் படித்த பிறகு என் அறிக்கையில் ஒரு பழக்கம் மாறியது. முன்பெல்லாம் குறுகல் 30 சதவீதம் என்றால் கடைசி வரியில் "குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை" என்று எழுதுவேன். நோயாளி அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு போவார். இப்போது அதற்கு மேலே தனி வரியில், கொட்டை எழுத்தில், "தமனிச் சுவரில் கொழுப்புத் திட்டு உள்ளது" என்று எழுதுகிறேன். போன மாதம் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு வந்து, "ரெண்டு வரியும் ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கே சார், எதை நம்புறது?" என்று கேட்டார். உட்கார வைத்து, உப்பிய சுவரை வரைந்து காட்டினேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப மாத்திரை எப்ப ஆரம்பிக்கணும்?" என்றார்.